மல்லனும் கராத்தேக்காரனும்

வீடியோ கேமில் ஒருவன் எந்த உருவத்தை ஆட்டுகிறானோ, கொஞ்ச நாளில் அந்த உருவமாகவே ஆகிவிடுவான் என்று தொண்ணூறுகளில் நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். எங்கள் பேட்டையான தேவராஜ மொஹல்லாவில், துணிக்கடை மாடியில் இருந்த கேம் பார்லரில் என் மைத்துனனின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

மனைவியின் தம்பி எங்களோடுதான் இருந்தான். இருபது வயது தாண்டியவன். முகம் பார்த்துப் பேசமாட்டான், குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவான், தினமும் ஒரே தெரு வழியாகத்தான் நடப்பான். இன்று ஆட்டிசம் என்கிறோம். அன்று டாக்டரே "கொஞ்சம் வேற மாதிரி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வேற மாதிரிக்காரன் மாலை தவறாமல் சண்டை கேம் ஆடினான். எப்போதும் ஒரே ஆளைத்தான் எடுப்பான்: மார்பில் சங்கிலி தொங்க, எதிரியைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் அறையும் யானை போன்ற ஒரு மல்லன்.

அவனும் ஒருநாள் யாரையாவது தூக்கி அறைந்துவிடுவான் என்று பயந்தேன். அவனைக் கண்காணிக்கவே தினமும் பார்லருக்குப் போனேன். சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று நானும் டோக்கன் போட்டு, தலையில் சிவப்புத் துணி கட்டிய கராத்தேக்காரனை எடுத்துக்கொண்டேன். ஆபீஸில் பியூனைக்கூட சார் போட்டுக் கூப்பிடுகிற ஆள் நான். இப்போது மேசைமேல் ஃபைலை அறைந்து வைத்தேன், படிகளைத் தாவி ஏறினேன். அதையெல்லாம் உடம்புக்கு நல்லது என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் விசில் சத்தத்துக்கு அவன் கொஞ்சம் உரக்கக் கத்திவிட்டான். உடனே அரிவாள்மணையைப் பரண்மேல் ஏற்றினேன்.

"ஏங்க, அரிவாள்மணையைக் காணோமே?"

"பத்திரமா இருக்கு."

"யார்கிட்டேருந்து?"

சொன்னேன். அவனை ராமாபுரத்துப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னேன். கேம் இல்லாத ஊர், அமைதியாக இருப்பான் என்றேன்.

"அவன் யாரை அடிச்சான்?" என்றாள் மனைவி.

"இன்னும் இல்லை."

"அடிச்சப்புறம் பேசுங்க. அவன் போனா நானும் அதே பஸ்ல ஏறிடுவேன்."

அவளைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்ற தைரியத்தில், ஞாயிறன்று அவனுக்குப் பயணப் பை வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். அவனையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். பூக்கடை வரிசை அருகே ஒரு ஆட்டோ எங்கள் ஸ்கூட்டரை லேசாக உரசியது. நான் இறங்கினேன். கால்களை அகற்றி நின்று, இரண்டு முஷ்டியையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, மூக்கால் ஒரு மூச்சுவிட்டேன். ஆட்டோக்காரர் நிதானமாக என்னைப் பார்த்து, கன்னடத்தில், "தசராகெ இன்னூ டைம் இதெ, ஸ்வாமி" என்றார். தசரா வேஷத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதாம். பூக்காரம்மாக்கள் சிரித்தார்கள். நான் உதைத்தேன். கால் ஆட்டோவின் தகரத்தில் பட்டது, செருப்பு சாமந்திக் குவியலில் போய் விழுந்தது.

கூட்டச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்தியிருந்த மைத்துனன், ஒரு கையை மட்டும் எடுத்து அந்தச் செருப்பைக் கொண்டுவந்து என் காலருகே வைத்தான். "மாமா, இங்க பட்டன் இல்லை" என்றான்.

வீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனிடம் கேட்டேன்: "மல்லனா ஆடறப்போ உனக்குக் கோபமே வராதாடா?"

"நான் எங்க மல்லன்? அவன் டிவிக்குள்ள இருக்கான். நான் ஸ்டூல்ல இருக்கேன்."

"அப்புறம் ஏன் அவனையே எடுக்கறே?"

"அவன் மெதுவா நடப்பான். மத்தவங்க ரொம்ப வேகம்."

அவனைப் போன்ற எல்லோரும் இப்படித்தானா, என்னைப் போன்ற எல்லோரும் இவ்வளவு சுலபமாக வேஷத்துக்குள் விழுந்துவிடுவார்களா, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: மல்லனை ஆடியவன் யாரையும் தொடவில்லை. கராத்தேக்காரனை ஆடியவனுக்குக் கால் கட்டைவிரலில் எலும்பு முறிந்தது. ராமாபுரத்துக்கு யாரும் போகவில்லை. மைத்துனன் இன்றும் எங்களோடுதான் இருக்கிறான்.