நடுவில் யாரும் பாடாத நான்கரை நிமிடங்கள்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை காரைக்கால் போய் வந்தேன். ஒரு வாரம் ஆறவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. எனவே சூட்டோடு எழுதுகிறேன்.

போனது ஒரு பாட்டுக்காக. என் கல்லூரித் தோழன் யூசுப், திருமலைராயன்பட்டினத்துக்காரன். இருபத்தாறு வருஷம் குவைத்தில் இருந்தான். எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம்: நீளமுடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரர்களின் பழைய ராக் குழு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் “அவங்களைவிட இவங்க பெரிசு” என்று பின்னூட்டத்தில் அடிதடி நடக்கும். குழு கலைந்து பல காலமாயிற்று. ஆனாலும் காரைக்காலில் அவர்களுக்கு ஒரு ரசிகர் வட்டம் இருக்கிறது, அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் இருக்கிறார்கள்.

அந்தக் குழுவின் பதினோரு நிமிடப் பாட்டு ஒன்றின் நடுவே, நான்கரை நிமிடம் கிட்டார் மட்டும் தனியாக ஒலிக்கும். குவைத் அறையில் ஏழு பேர் முறைவைத்துத் தூங்குவார்கள் என்பதால், யூசுப் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டே அதைப் பழகினான். மேடையில் வாசித்ததேயில்லை. ஊர் திரும்பிய பிறகு இடது மோதிர விரல் மடங்க மறுத்தது. கச்சேரிக்கு அடுத்த வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு கிட்டார் பிடிக்க முடியுமா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. “ஒரே ஒரு தடவ, நம்ம ரசிகர் வட்டக் கச்சேரில ஜனங்க முன்னாடி முழுசா வாசிச்சிடுறேன் மாப்ள, வந்துடு” என்றான்.

கும்பகோணத்தில் மதியம் 12.40க்குப் பஸ். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஐம்பத்திரண்டு ரூபாய். 2.50க்குக் காரைக்கால். வெளியூர்க்காரர்கள் இங்கே இரண்டே காரணத்துக்குத்தான் வருவார்கள் என்பது ஆட்டோக்காரர்களின் தீர்மானம்.

“திருநள்ளாறா சார், சரக்குக் கடையா?”

“ரெண்டுமில்லங்க. கோவில்பத்து மண்டபம். பாட்டுக் கச்சேரி.”

“யாரு பாடுறா?”

“இங்கிலீஷ் பாட்டுங்க.”

கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். “அப்ப கடைக்குப் போயிட்டுத்தான் வர்றீங்க.”

இதற்கு எண்பது ரூபாய் வேறு.

ஐந்து மணிக் கச்சேரி ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியது. முன்னூறு நாற்காலி, அத்தனையும் நிரம்பியிருந்தது. மாணவர்கள், மின்வாரிய ஊழியர்கள், குழந்தையோடு வந்த தம்பதிகள். என் பக்கத்தில் யூசுப்பின் மனைவி ஹபீபா.

“கல்யாணமாயி இருபத்தி நாலு வருஷங்க. ஊருக்கு வந்தா காதுல அத மாட்டிக்கிட்டு வெரல ஆட்டிக்கிட்டே இருப்பாரு. என்ன சத்தம் வருதுன்னு இன்னிக்குத்தான் கேக்கப் போறேன்” என்றார்.

6.20க்கு அந்தப் பாட்டு ஆரம்பித்தது. பாடகர் தன் பகுதியை முடித்து ஒதுங்கினார். யூசுப் முன்னால் வந்தான். நாலு சுரம்கூட வாசித்திருக்க மாட்டான்.

“அலோ, அலோ. மைக் செக்.”

ரசிகர் வட்டச் செயலாளர்! ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். கையில் பட்டியலுடன் நின்றார். “இந்த இனிய வேளையில், வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நிகழ்வு...”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மேடை ஓரத்துக்கே போய், “என்னங்க அநியாயம் இது, அவன் வாசிக்கிறான்ல?” என்று கேட்டேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

“பதினோரு நிமிஷப் பாட்டு சார். நடுவுல நாலரை நிமிஷம் யாருமே பாடல. சும்மாதானே கெடக்கு? அதான் அதுல வச்சோம். நேரம் மிச்சம்.”

நாமெல்லாம் வளர்ந்த விதம் இதுதான். குரல் இல்லாத இடமெல்லாம் நமக்குக் காலி மனை, யார் வேண்டுமானாலும் கொட்டகை போடலாம். ஜவுளிக்கடை அதிபருக்கு ஒன்று, ஒரு முன்னாள் பிரமுகருக்கு ஒன்று, மண்டப உரிமையாளருக்கு ஒன்று என்று பொன்னாடைகள் பறந்தன. யூசுப் மெதுவாக வாசித்துப் பார்த்தான், பிறகு கம்பிகளின் மேல் கையை வைத்து நிறுத்திவிட்டான். நான் இருக்கைக்குத் திரும்பி, ஹபீபாவிடம் “காட்டுமிராண்டிகள்!” என்றேன்.

அப்போது மைக் சொன்னது: “அடுத்து, கும்பகோணத்திலிருந்து வருகை தந்திருக்கும் பிரபல எழுத்தாளர்...”

என்னைத்தான். பிரபலம்! என் வலைப்பதிவுக்கு வாசகர்கள் நீங்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். வேண்டாம் என்று கையசைக்க நினைத்தேன். என் கால்கள் அதற்குள் படியேறிவிட்டன. ஏறியதோடு நில்லாமல், போட்டோக்காரருக்காகப் பொன்னாடையை நானே இரண்டு முறை சரிசெய்துகொண்டேன். இரண்டடி தள்ளி, கிட்டாரைத் தொங்கவிட்டபடி யூசுப் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செயலாளர் மைக்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து, “வாங்க சார், டிபன் ரெடி” என்று பக்கத்து அறைக்கு இழுத்துப்போனார். வாசலைத் தாண்டும்போது பின்னால் ஹபீபாவின் குரல் கேட்டது.

“அண்ணே, அந்த மைக்க கொஞ்சம் கீழ வைங்க. முதல்லேர்ந்து அவரு வாசிக்கட்டும்.”

கூட்டத்தில் அப்படி எழுந்து பேசுகிறவர் அல்ல அவர். கைதட்டல் கேட்டது. பிறகு கிட்டார்.

நான் அறைக்குள் இருந்தேன். இடப்பக்கம் ஜவுளிக்கடை, வலப்பக்கம் முன்னாள் பிரமுகர், எதிரே இலை. எழுந்தால் மரியாதைக் குறைவாம். “கேசரி இன்னொரு கரண்டி வைங்கப்பா சாருக்கு.” ஜவுளிக்கடைக்காரர் மாப்பிள்ளையின் கனடா வேலையை விவரித்தார். சுவரைத் தாண்டி எனக்கு வந்து சேர்ந்தது டிரம்ஸின் தொம் தொம் மட்டும்தான். கை கழுவி ஓடிவந்தபோது முன்னூறு பேரும் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

யூசுப் வியர்வையைத் துடைத்தபடி வந்தான்.

“கேட்டியா மாப்ள?”

“பிரமாதம்டா! அப்படியே உருகிட்டேன்.”

என் முகத்தை உற்றுப் பார்த்தான். “வாயத் தொடச்சுக்க. கேசரி ஒட்டியிருக்கு.”

போக நினைப்பவர்களுக்கு: வருஷத்துக்கு ஒரு முறை நடத்துகிறார்கள், கட்டணம் கிடையாது. ஐந்து மணி என்றால் ஐந்தே முக்காலுக்குப் போங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள், எழுதுகிறவர் என்று யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். திரும்ப 7.40க்குப் பஸ் உண்டு. கலைந்துபோன அந்தக் குழுவின் புகழ் இத்தனை வருஷம் எப்படி நிலைத்திருக்கிறது என்று ஆராய்கிறார்கள். நம்மையெல்லாம் ரசிகர்களாக வைத்துக்கொண்டுமா நிலைத்திருக்கிறது என்பதுதான் என் ஆச்சரியம்.

வாசிப்பு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். முப்பது வருஷமாக அந்தப் பாட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற நான், கிளம்பும் முன் வெட்கத்தை விட்டு ஹபீபாவிடம்தான் கேட்டேன்.

“ஒரு எடத்துல அழுவுற மாதிரி போச்சுங்க. சரி அழுவப்போவுதுன்னு பாத்தா, அழுவல. இவரும் அப்படித்தான்.”