எலிக்கு இரங்கியவர்

வடக்கே எங்கோ பிளேக் பரவுகிறது என்று பேப்பர்கள் அலறிய வருஷம். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் காலையில் கிளம்பும் காட்சியைப் பார்க்க வேண்டும். நெற்றி நிறையத் திருநீறு, மூக்கை மூடிக் கட்டிய கர்ச்சீப், சைக்கிள் கேரியரில் எலிக்கூண்டு. உள்ளே, மசால்வடைக்கு ஆசைப்பட்டு மாட்டிய எலி உயிரோடு இருக்கும். கொல்ல மாட்டார்; அவ்வளவு ஜீவகாருண்யம்.

பருத்திப்பட்டு ஏரிக்கரைக் குடிசைகளுக்குப் பக்கத்தில் கூண்டைத் திறந்துவிட்டு, பினாயில் ஊற்றிக் கை கழுவிக்கொண்டு திரும்புவார்.

ஒருநாள் அங்கேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். "இங்கேயும் மனுஷங்கதானே சார் இருக்காங்க?"

கர்ச்சீப்பை இறக்காமலே சொன்னார்: "இவங்களுக்கெல்லாம் பழக்கம் சார். நம்ம உடம்புதான் தாங்காது."

அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் அந்தக் குடிசைகளிலிருந்துதான் வருவாள். எலிமேல் இருந்து பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சி அவள் சேலையில் ஏறி அவர் சமையலறைக்கே திரும்பி வரலாம் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை.

அடுத்த வாரம் அவள் அவர் வாசலில் நின்று புலம்பினாள். "எங்க ஊட்ல எலி ரொம்ப கீது சார். எங்கேர்ந்துதான் வர்தோ தெர்ல. கொழந்த காலக் கடிச்சிட்சு."

அன்றைய எலியைக் கூண்டோடு கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் இரக்கத்தில் கனிந்துவிட்டது.

"வீட்டைச் சுத்தமா வெச்சுக்கணும்மா. சுத்தமா இருந்தா எலி ஏன் வரப்போகுது?"

அது நடிப்பாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். மனுஷர் மனதாரச் சொன்னார்.