நோயாளி இல்லாத ஆஸ்பத்திரி

காலை ஐந்தே முக்காலுக்கு ராயபுரம் கல்மண்டபத்தில் கல்லூரிப் பேருந்து வந்து நிற்கும். முதல் ஆளாக ஏறுகிறவள் மெர்லின். வியாசர்பாடியில் ஏறும் ஷாலுவுக்குத் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பாள். இருவரும் பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு மாணவிகள். அவர்களுடைய பல்கலைக்கழகம் நகரத்துக்கு மேற்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. போய்ச் சேர இரண்டு மணி நேரம்.

மெர்லின் இந்தப் படிப்பைத் தேடி எடுத்ததற்குக் காரணம் அவளுடைய அப்பா வால்டரின் வலது தோள். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்கள் ஆடாதபடி இரும்புக் கம்பி போட்டு இறுக்க வேண்டும். அவள் பத்தாவது படிக்கும்போது ஒரு கம்பி நழுவி அவர் தோளில் விழுந்தது. எலும்பு கூடிய பிறகும் கை மேலே எழவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபி அம்மா எட்டு மாதம் அந்தக் கையோடு மல்லுக்கட்டினார். சுவரில் கோடு போட்டு, விரல்களை எறும்புபோல மேலே நடத்தச் சொல்வார். ஒரு வாரத்துக்கு ஒரு கோடு. வால்டர் தானே தலை சீவிக்கொண்ட நாளில் மெர்லின் முடிவு செய்துவிட்டாள்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் புத்தகத்தில் ஆறு மாடி ஆஸ்பத்திரி, ஐந்நூறு படுக்கை என்று போட்டிருந்ததைப் பார்த்துச் சேர்ந்தாள்.

ஆறு மாடியும் உண்மைதான். படுக்கைகளும் இருந்தன. நோயாளிகள்தான் இல்லை. முதல் ஆண்டு முழுக்கப் படத்தில் பாடம் நடந்தது. இரண்டாம் ஆண்டு வார்டுக்குப் போகலாம் என்றார்கள். போனார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒருவர் முழங்காலை ஒருவர் மடக்கி நீட்டிப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களின் முழங்கால். எதுவும் வலிக்கவில்லை, எதுவும் இறுகியிருக்கவில்லை.

ஜூலை மாதம் ஒருநாள் துறைத் தலைவி வகுப்புக்கு வந்தார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். யாரும் கோட்டு போட வேண்டாம். பழைய நைட்டி ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவிகள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பெண்கள் வார்டில் மெர்லினுக்குப் பதினேழாம் எண் படுக்கை. கழுத்தில் பட்டை மாட்டினார்கள். கேஸ் ஷீட்டில் சரோஜா, வயது இருபத்தாறு, கழுத்து வலி என்று எழுதியிருந்தது. அடியில் நோயாளி கையெழுத்து என்ற இடத்தில் அவளையே சரோஜா என்று போடச் சொன்னார்கள். போட்டாள்.

அவர்கள் மட்டும் போதவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேன் வைத்து ஆட்களை அழைத்து வந்திருந்தார்கள். பதினெட்டாம் படுக்கையில் ஒரு வயதான அம்மா. இலவச முகாம் என்று நம்பி, பழைய எக்ஸ்ரேயை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன.

"ஏம்மா, டாக்டர் எப்ப வருவாரு?"

மெர்லின் பட்டைக்குள்ளிருந்து தலையைத் திருப்ப முடியாமல், "வருவாங்கம்மா" என்றாள்.

வந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த, கோட்டு அணிந்த மூன்று பேர், பின்னால் கல்லூரி முதல்வர். மூவரில் ஒருவர் மெர்லின் அருகே நின்றார்.

"பேர் என்னம்மா?"

ஒரு நொடி இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல்வர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரோஜா."

கேட்டவர் டிக் அடித்துவிட்டு நகர்ந்தார். அந்த அம்மா பையிலிருந்து எக்ஸ்ரேயை உருவுவதற்குள் மூவரும் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்கள். மதியம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து எல்லாரையும் வேனில் ஏற்றினார்கள். அந்த முட்டியை யாரும் தொடவில்லை. மெர்லினும் தொடவில்லை. எங்கே கை வைப்பது என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் அவள் ஷாலுவிடம், "நான் இங்க இருக்க மாட்டேன். வேற காலேஜுக்கு மாறிடப் போறேன்" என்றாள்.

"நா வரல மெர்லின். எங்க வூட்ல இன்னொரு தபா ஃபீஸு கட்றதப் பத்திப் பேசவே முடியாது" என்றாள் ஷாலு.

வீட்டில் அம்மா லூர்து அழுதாள். வால்டர் மட்டும் முழுக்கக் கேட்டார்.

"இன்னாம்மா, பேஷண்டே இல்லாத ஆஸ்பத்திரியா? அப்ப இன்னாத்த கத்துக்குனு வருவ?"

"அதான் டாடி."

"மாறிக்கோ. நா கீறேன்."

விசாரித்ததில், நகருக்குள் பழைய கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆகஸ்ட் முப்பதுக்குள் இங்கிருந்து தடையில்லாச் சான்றிதழ் வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மெர்லின் அன்றே எழுதிக் கொடுத்தாள்.

பதிவாளர் அலுவலக கிளார்க் குணசேகரன் நல்ல மனிதர். அவள் போகும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போடுவார். "ஃபைல் மேல போயிருக்கும்மா" என்பார். அடுத்த வாரமும் மேலேதான் இருந்தது. மூன்றாம் வாரம் குரலைத் தாழ்த்தி, "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்கன்னு நெனைக்கிறாங்க. என்னால ஒண்ணும் ஆகாதும்மா" என்றார்.

வால்டர் ஒருநாள் லீவு போட்டுக் கூட வந்தார். பதிவாளர் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை.

"சார், கொயந்த படிக்கணும்னுதான் கேக்குது. அது இன்னா தப்பு?"

"இங்க படிக்கலையா?"

"படுக்கத்தான் வெச்சிருக்கீங்க சார். நோயாளி மாதிரி."

பதிவாளர் கோபப்படவில்லை. மெர்லினைப் பார்த்தார். "அந்த ஷீட்ல கையெழுத்து போட்டது யாரும்மா? வெளிய போய்ப் பேசணும்னா அதையும் சேர்த்துப் பேசணும். யோசிச்சுக்கோ."

வெளியே வந்ததும் வால்டர், "நீ ஏம்மா போட்ட?" என்று கேட்டார். மெர்லின் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவரும் கூட நடந்தார். 

சான்றிதழ் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய கல்லூரிக்கு ஓடினாள். முதல்வர் அம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார். "தேதி போயிடுச்சும்மா. அந்த இடத்தையும் ரொப்பியாச்சு. வருஷ நடுவுல எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அது எதற்கும் உதவவில்லை.

மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே தொடர்ந்திருக்கலாம். பலரும் அதைத்தான் சொன்னார்கள். மெர்லினால் அந்த வார்டுக்குள் நுழைய முடியவில்லை. ஒருநாள் பேருந்தில் போய், வாசல்வரை நடந்து, கேன்டீனில் மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். மறுவாரம் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். அதற்கு மட்டும் மூன்றே நாளில் கையெழுத்து ஆனது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் திரும்ப வாங்க இன்னும் இரண்டு மாதம் நடந்தாள்.

இப்போது திருவொற்றியூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் டோக்கன் எழுதுகிறாள். திரைக்கு அந்தப் பக்கம் சிகிச்சை நடக்கும். உள்ளே போக அவளுக்கு அனுமதியில்லை. வலியில் யாராவது முனகினால் பேனா நின்றுவிடும். பிறகு அடுத்த டோக்கனை அழைப்பாள்.

ஜூனில் மறுபடி விண்ணப்பம் போட வேண்டும். இடம் கிடைத்தாலும் முதல் ஆண்டிலிருந்துதான். கிடைக்குமா என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

"தெரியலம்மா" என்கிறாள் மெர்லின்.