தங்கை கொடுத்த மஜ்ஜை

வடக்கனந்தல் பாவாடை எனக்குச் சின்னத் தாத்தா வழியில் தம்பி முறை. கரும்பு வெட்டுகிறவன். நாற்பத்திரண்டு வயதில் ஈறில் ரத்தம் கசிந்தது, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கள்ளக்குறிச்சியில் பார்த்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை வற்றிவிட்டது, ரத்தமும் நோயை எதிர்க்கிற அணுக்களும் அங்கிருந்துதான் ஊற வேண்டும் என்றார்கள். கூடப்பிறந்தவள் சின்னப்பொண்ணு ஒருத்திதான். அவளுடையது பொருந்தியது. இவனுடைய பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, அவள் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஏற்றினார்கள்.

ஊர் திரும்பிய ஏழாம் மாதம் சின்னப்பொண்ணு மகள் இசைவாணிக்கு அம்மை போட்டது. எங்கள் வகையறாவில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் தாய்மாமன் வேப்பிலையும் மஞ்சளும் கொண்டுபோய் முதல் செம்பு ஊற்ற வேண்டும். ரிஷிவந்தியத்தில் அக்காளைக் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் பெரியப்பா ஒருத்தர், அவள் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற உழவு நாளென்று போகாமல் விட்டார். அவர் செத்ததற்குக்கூட அந்த அக்காள் வரவில்லை.

பாவாடை யோசிக்கவே இல்லை. எட்டு வயதிலேயே அவனுக்கு அம்மை போட்டிருந்தது. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வேப்பங்கொத்தோடு போய் நின்றான். குழந்தைக்குக் கொப்புளம் இன்னும் முழுதாய்க் காயவில்லை.

சின்னப்பொண்ணு படலைச் சாத்திக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"அங்கியே நில்லுண்ணா. கிட்ட வராத."

"இன்னாம்மா, தாய்மாமன வாசல்லயே நிறுத்துற?"

"டாக்டர் சொன்னத மறந்துட்டியா? பழைய மஜ்ஜையோட உன் ஒடம்பு கத்துக்கினதெல்லாம் போயிடிச்சி. இப்ப நீ பொறந்த கொயந்த மாதிரி."

"எனுக்குத்தான் போட்டாச்சே. இந்தா பாரு தழும்பு."

"தழும்பு தோல்லதான் கீது."

"சரி, உள்ள கீறது உன்னுதுதான? உனுக்கும் அம்மை போட்டுதே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் அதத்தான் கேட்டேன். அத நம்பி உட முடியாதுன்னாரு. அம்மை வந்தா நீ தாங்கமாட்ட. வூட்டுக்குப் போ."

எதிர்வீட்டு ஆயம்மாள் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்டி, மாமனையே தொரத்துற?"

"ஆமா, தொரத்துறேன். நீ வேணா வந்து ஊத்து."

பாவாடை வேப்பங்கொத்தை வேலியில் செருகிவிட்டுத் திரும்பினான். அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை என்று பெண்சாதி செல்லியம்மாள் சொன்னாள். மூன்று வாரம் தினமும் காலையில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசிகள் தொடங்கின. பச்சைக்குழந்தைக்குப் போடுவதெல்லாம் இவனுக்கும். கைக்குழந்தைகளின் வரிசையில் உட்கார்ந்திருந்தவனிடம் நர்ஸம்மா, "கொழந்த எங்கங்க?" என்றார்.

"நான்தாங்க."

இரண்டு வருஷம் கழித்துப் பரிசோதித்துவிட்டு அம்மை ஊசியும் போட்டார்கள். அடுத்த தை மாதம் இசைவாணி பெரியவளானாள். அவளைத் தனியே உட்காரவைக்கத் தாய்மாமன் கட்டும் குச்சுக்குப் பச்சை ஓலை வெட்டிவந்தவன் பாவாடைதான். அவன் கட்டக் கட்ட, பக்கத்திலேயே நின்ற சின்னப்பொண்ணு, "கோணலா கீதுண்ணா, அவுத்துக் கட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.