வரிக்கணக்குப் பார்க்க வந்தவள்

வவுனியாவில் நாங்கள் நடத்திய சைக்கிள் பாகக் கடைக்கு வருமான வரி அலுவலகத்திலிருந்து முதற் கடிதம் வந்தபோது, என் கணவர் அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டார். இரண்டாவது கடிதத்தை அவரால் அப்படி மூட முடியவில்லை. வருமான விவரத்தை நிரப்பி அனுப்பாவிட்டால் தண்டம் என்று அதில் இருந்தது.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கடை ஓரளவு காலூன்றிய நேரம் அது. கொழும்புச் சாமான்களின் பற்றுச்சீட்டுகள் பாதி ஓர் அரிசிப் பைக்குள் கிடந்தன, மீதி டயர்களுக்கு நடுவே. ஒரு கோப்பு வாங்கி ஒழுங்காகப் போடும்படி நான் சொல்லாத மாதமில்லை. படிவமோ ஆங்கிலத்தில் இருந்தது. ஊரில் இந்த வேலை தெரிந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவரிடம் போனோம். அவர் தலைநிமிர முடியாத வேலையில் இருந்தார். தைப்பொங்கலுக்குப் பிறகு வரச் சொன்னார். அதுவரை தவணை இருக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒண்டு இருக்கு," என்றார் கணவர் திரும்பி வரும் வழியில். "கொழும்பில கணக்காளரா இருந்தவ. இப்ப இஞ்சைதான் வேலை."

பேரைச் சொன்னார். எனக்கு அந்தப் பேர் தெரியும். உயர்தர வகுப்பில் அவரோடு படித்தவள். எனக்கு முன் அவருக்குப் பேசப்பட்ட பெண். சாதகம் பொருந்தாமல் விட்டுப்போனது என்று, கலியாணமான புதிதில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் சைக்கிளில் வந்தாள். பருத்திச் சேலை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு. அழகி என்று சொல்ல முடியாது. அதில் எனக்கு வந்த ஆறுதல் கொஞ்ச நேரத்துக்குத்தான். அவள் அரிசிப் பையை நிலத்தில் கவிழ்த்தாள்.

"மாதம் மாதமாப் பிரியும்," என்றாள்.

என் மனுசன் சப்பாணி கட்டி இருந்து பிரிக்கத் தொடங்கினார். நான் இத்தனை வருசம் கத்தியும் நடக்காத காரியம். போதாததற்கு அவளை அவர் 'நீர்' என்று கூப்பிட்டார். என்னை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார் என்று நான் நினைத்திருந்தேன்.

குசினிக்குள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அவவுக்குச் சீனி போடாதையும்."

என் தேத்தண்ணிக்கு நான் எத்தனை கரண்டி போடுகிறேன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு கரண்டி சீனி போட்டு, நன்றாகக் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முழுவதையும் குடித்து முடித்தாள்.

பிறகு படிவத்தை எடுத்து, "வியாபாரம் ஆரின்ரை பேரில பதிவு?" என்று கேட்டாள்.

"இவவின்ரை பேரில," என்றார் கணவர். கடை திறந்த காலத்தில் அவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்ததால் அப்படிப் பதிந்திருந்தோம்.

"அப்ப நான் உம்மோடையே இவ்வளவு நேரம் கதைச்சனான்? நீர் போய்க் கடையைப் பாரும்." கதிரையை என் பக்கம் திருப்பினாள். "அக்கா, வாங்கோ. இனி நீங்கள்தான் சொல்லோணும்."

அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிழமை நானும் அவளும்தான். ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லி, என்னைப் பென்சிலால் எழுதவிட்டு, பிழையென்றால் அழித்தாள். என் பொறாமை குறையவில்லை, வேறு பக்கம் திரும்பியது. ஆங்கிலப் படிவத்தை அவள் பத்திரிகை வாசிப்பதுபோல வாசிப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. தனக்கென்று ஒரு மேசை இருக்கிற கந்தோருக்குப் போய்வருகிறவள் அவள். நானும் கெட்டிக்காரியென்றுதான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.

கடைசி நாள் நான் கேட்டுவிட்டேன். "உங்களுக்கு எங்கடை இவரைப் பேசினவை என்ன?"

"ஓம்." அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

"சாதகம் பொருந்தேல்லையாம்."

"சாதகம் பார்க்கவே இல்லை, அக்கா. நான்தான் மாட்டன் எண்டனான். எங்கடை அப்பா அதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சாதகத்திலை பழியைப் போட்டவர்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். என் மனுசனில் இவள் என்ன குறை கண்டாள்?

"ஏன், அவருக்கு என்ன?" என்றேன்.

அவள் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒண்டுமில்லை. நல்ல மனுசன். எனக்குப் படிக்கோணும் எண்டிருந்தது. அவ்வளவுதான்."

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சாதகமே காரணமென்று அவர் நம்பிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் நல்லது என்று பட்டது.

விவரத்தைத் தவணைக்குள் கொடுத்தோம், தண்டம் வரவில்லை. அடுத்த வருசப் படிவம் வந்தபோது அவள் கொழும்புக்குத் திரும்பிவிட்டிருந்தாள்.

"ஒரு கடிதம் போட்டு அவவைக் கேப்பமே?" என்றார் கணவர்.

"தேவையில்லை."

முந்திய வருசப் பிரதியையும் ஓர் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே நிரப்பினேன். பற்றுச்சீட்டுகள் அந்த வருசம் முதலிலிருந்தே கோப்பில் இருந்தன. நான் போட்ட கோப்பு. வரி அலுவலகத்தில் இருந்தவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆர் நிரப்பினது?" என்று கேட்டார்.

"நான்தான்."

இன்னொரு முறை புரட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே வேப்பமரத்தடியில் கணவர் சைக்கிளோடு நின்றார். "என்ன, எல்லாம் சரியாமோ? அவ செய்தமாதிரியே வந்திட்டுதோ?"

நான் கரியரில் ஏறி இருந்தேன். "சைக்கிளை வீட்டுக்கு விடுங்கோ," என்றேன்.