மூட்டைக்குக் கழித்த இரண்டு கிலோ

மூன்றாவது பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்த இடத்தில் எனக்குக் குடல் இறங்கிவிட்டது. கொழுந்துக் கூடை தூக்கி மலை ஏற முடியவில்லை. ஃபேக்டரியில் தேயிலைக் காம்பு பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்த இடத்தில் வேலை, வேளைக்கு வேளை டின் பால் ஊற்றிய தேத்தண்ணி. உடம்பு ஏறாமல் என்ன செய்யும்? எண்பத்திரண்டு கிலோ.

எழுபதுக்கு இறங்கினால்தான் ஈப்போவில் ஆப்பரேஷனுக்கு நாள் வாங்கித் தருவேன் என்று தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். வாராவாரம் பஸ் ஏறிப் போய் எடை காட்ட என்னால் ஆகுமா? அதனால் ஓர் ஏற்பாடு செய்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரஸ்சர் என் எடையை வெள்ளிக்கிழமைதோறும் டெலிபோனில் சொல்வார். என்ன தின்னலாம், எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் அங்கிருந்தே சொல்வார். நான் அதுவரை பார்த்திராத வைத்தியம் அது.

டிஸ்பென்சரியில் குழந்தைகளை நிறுக்கும் தொட்டித் தராசுதான் இருந்தது. அதில் நான் உட்கார்ந்தால் தராசுக்குத்தான் ஆப்பரேஷன். ஆகவே ஃபேக்டரி வாசலில், கொழுந்து மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் ஏறினேன். நிறுவைக் கணக்கு எழுதும் கிராணி முள்ளைப் பார்த்துச் சீட்டில் எழுதித் தருவார். பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், வயிறு அவர்களுடையதா?

முதல் வாரமே எழுபத்தொன்பது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டின் பாலை விட்டேன். சோற்றை ஒரு கோப்பையாக்கினேன். தேங்காய்ப்பால் குழம்பைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு நான் ரசத்தோடு எழுந்தேன். வேலை முடிந்ததும் வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மண் ரோட்டில் மெல்ல நடந்தேன். ஐந்தாம் மாதம் சீட்டில் எழுபது வந்தது. டாக்டர் நாள் கொடுத்தார். அன்று அழுதேன்.

அடுத்த வெள்ளி கிராணி வருவதற்குள் நானே தராசில் ஏறி முள்ளைப் பார்த்தேன். எழுபத்திரண்டு! பின்னால் வந்த கிராணி கூசாமல் எழுபது என்று எழுதினார்.

"என்னா கிராணியய்யா, முள்ளு வேற சொல்லுது?"

"மூட்டைச் சாக்குக்கும் கொழுந்து ஈரத்துக்கும் ரெண்டு கிலோ கழிச்சுத்தானே எழுதுவோம். கைப்பழக்கம் லா."

"நான் என்னா மூட்டையா? எங்க இருக்கு ஈரம்?"

அவர் தலையைச் சொறிந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே தூக்கித் தராசில் வைத்திருப்பேன், குடல்தான் விடவில்லை.

டிரஸ்சரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு கிலோதானே, தங்கச்சி. வாயத் தொறக்காத. நாள் கெடைக்கிறது குதிரைக் கொம்பு."

எனக்கும் ஆசைதான். பொய் சொல்லவில்லையே, சும்மா இருந்தால் போதுமே என்று மனம் சொன்னது. ஆனால் எடைக்குத் தக்கபடி மயக்க மருந்து கொடுப்பவரும் அந்தச் சீட்டைத்தானே பார்ப்பார்?

"ஏதாச்சும் ஆச்சுன்னா சாவுறது நான்தானேண்ணே. போனக் குடுங்க, நானே பேசுறேன்."

அதுவரை நான் டெலிபோனைத் தொட்டதில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அப்படியானால் அந்த நாளை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். எழுபது வந்ததும் கூப்பிடச் சொன்னார். வந்த லட்சுமியைக் காலால் உதைத்துவிட்டேன் என்று டிரஸ்சர் இரண்டு நாள் பேசவில்லை.

இன்னும் ஆறு வாரம். ராத்திரிச் சோற்றையும் விட்டேன். பசியில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன், பாவம். ஆனால் நடையை ஒரு நாளும் விடவில்லை. ஆறாவது வெள்ளி முள் எழுபதில் நின்றது. இறங்கி மறுபடி ஏறினேன். எழுபதேதான்.

டெலிபோனை நானே எடுத்தேன். டாக்டர் டிரஸ்சரையும் கேட்டு உறுதி செய்துகொள்வார் என்று அவரைப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தேன். எத்தனை என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் டிரஸ்சரைக் கேட்கவில்லை. நீ சொன்னால் சரி என்று நாளைச் சொன்னார்.