ஏரிக்கரையிலிருந்து ஒரு மகன்

ஞாயிறு காலையில் போன் அடித்தால் இசக்கிமுத்து சாத்துக்குடியைப் பாதி பிழிந்தபடியே விட்டுவிடுவார். கையை லுங்கியில் துடைத்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் ஏற்றிக்கொள்வார். காத்திருக்கிறவர் முனகினால், "இரும்வே. ஆஸ்திரேலியாலேர்ந்து பேசுதான்" என்பார்.

மந்தைவெளியில் பஸ் திரும்பும் இடத்தில் அவருடைய ஜூஸ் கடை. ஊர் நாங்குநேரிப் பக்கம். சென்னைக்கு வந்து தலை நரைத்தும் பேச்சு மட்டும் நரைக்கவில்லை. யாருக்கும் ஐஸ் குறைக்க மாட்டார். கேட்டால், "வீட்டுல போட்டுக் குடியும்" என்று பதில் வரும். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு படுக்கையும் கடைக்குப் பின்னால்தான்.

மகன் பாலகணேஷ் மனைவி, மகளோடு அங்கே போய் நாலு வருஷம். வாரம் தவறாமல் கூப்பிடுவான். ஒரு வாரம் ஏரி, ஒரு வாரம் மலை, ஒரு வாரம் கடற்கரையில் கூடாரம். இசக்கிமுத்து போனைத் திருப்பிக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். புல்லின் பச்சையைத் தானே தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதிரி ஒரு முகம்.

எதிர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் கரீமுல்லாவுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா அண்ணாச்சி, உன் புள்ள வூட்டுக்கே போமாட்டானா? எப்போ பாத்தாலும் காட்ல கீறான்."

"உமக்கு என்னவே தெரியும்? அங்க லீவு நாள்ல வீட்டுல கெடந்தா கிறுக்கன்னு சொல்லுவானாம்."

சொல்லிவிடுவாரே தவிர, அவருக்கும் அது உறுத்தும். அந்த ஊர் ஏரி தெரியும், மரம் தெரியும். மகன் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. "நான் ஒருதரம் வந்து இருந்துட்டுப் போறேம்லே" என்றால், "ஒரே பெட்ரூம்ப்பா. நீங்க ஹால்லயா படுப்பீங்க? பெரிய வீடு பாத்ததும் டிக்கெட் போடறேன்" என்பான். அவர் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. பாண்டி பஜாரில் ஸ்வெட்டரும் வாங்கியாயிற்று.

போன வாரம் ஏதோ ஒரு பூங்காவிலிருந்து கூப்பிட்டான். பேத்தி தாரணி திரையை நிறைத்துக்கொண்டு வந்தாள். எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, ரிப்பன் கட்டி மடித்த ரெட்டைச் சடை. மருமகள் மதுமதிக்குத் தன் முடியையே முடியத் தெரியாது.

"யாரு தாயி இவ்ளோ அழகாச் சடை போட்டா?"

"அம்மாச்சி."

"அம்மாச்சி ராஜபாளையத்துலல்லா இருக்கா. போன்லயே போட்டாளா?" இசக்கிமுத்து சிரித்தார். கரீமுல்லாவும் சிரித்தார்.

"இல்ல தாத்தா. இங்க எங்க வீட்ல. அம்மாச்சி ரூம்ல."

"அம்மாச்சிக்குத் தனி ரூமா?"

"ஆமா. ஐயா தாத்தாவும் அங்கதான் தூங்குவாங்க. அவங்க வந்து என் பர்த்டே கூட முடிஞ்சிடுச்சு."

திரையில் வானம் வந்தது, புல் வந்தது, கடைசியில் மகன் முகம் வந்தது.

"அப்பா... மதுவுக்கு வேலை. குழந்தைய பாத்துக்க ஆள் வேணும்ல. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"சரிலே."

"சும்மா கொஞ்ச நாளைக்குத்தாம்ப்பா..."

கரீமுல்லா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

மகன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். இசக்கிமுத்து கையை நீட்டி மிக்சியின் திருகைக் கடைசி வரை திருப்பினார். ஜாரில் பழமும் இல்லை, பாலும் இல்லை. வெறும் மிக்சி அலறியது. மகனின் வாய் அசைவதைப் பார்த்தபடி, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.